திருவான்மியூர் தேக்குக் கதவில் டிஜிட்டல் பூட்டு

டிஜிட்டல் பூட்டு வாங்கப் போகிறவர்கள் ஆப் எப்படி, எத்தனை கைரேகை ஏற்றலாம், கேமரா உண்டா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கதவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பெட்டிக்குள் இருக்கும் காகிதத்திலும் கதவுக்கு இரண்டே வரிதான்: கனம் எவ்வளவு, திறக்கும் பக்கம் இடமா வலமா. எங்கள் வீட்டுப் பூட்டு கொடுத்த தொல்லைகளில் முக்கால்வாசி அந்த இரண்டு வரியும் சொல்லாமல் விட்ட கதவு விஷயங்களில்தான் வந்தது. உள்ளே இருக்கும் மின்னணுப் பகுதி பாவம், பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

அப்பாவும் அம்மாவும் இருக்கும் வீடு அது. திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். பழைய அடுக்குமாடி, இரண்டாவது தளம். தலைவாசல் கதவு தேக்கு. நாலு பக்கமும் சட்டம், நடுவில் ஒரு குறுக்குச் சட்டம், இடையில் பலகைகள், பலகையைச் சுற்றிப் பூவேலை செய்த பீடிங். உள்பக்கம் மேலும் கீழும் தாழ்ப்பாள், நடுவில் ஆல்ட்ராப், அதற்கு மேலே தானாகப் பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச். வெளியே கிரில் கேட். அதற்குத் தனியாக ஒரு திண்டுக்கல் பூட்டு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே திண்டுக்கல் சரக்குதான். இந்தக் கதையில் ஒரு நாளும் மக்கர் செய்யாத ஒரே ஆள் அதுதான்.

பிரச்சினை நைட் லாட்ச். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழும்பினால் கதவு படீரென்று சாத்திக்கொள்ளும். அம்மா வாசலில், சாவி உள்ளே. அப்பா தூங்கிவிட்டால் காலிங் பெல் அவர் காதில் விழாது. நான் வேளச்சேரியிலிருந்து மாற்றுச் சாவியோடு வண்டியை எடுக்க வேண்டும். பெங்களூரில் இருக்கும் தம்பி போனிலேயே முடிவு சொல்லிவிட்டான்: "டிஜிட்டல் லாக் போட்டுடலாம்ணா, ஆர்டர் பண்ணவா?" கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

இந்தப் பூட்டுகளில் இரண்டு வகை. கதவின் உள்முகத்தில் மேலாக வைத்து ஸ்க்ரூ அடிப்பது ரிம் வகை. கதவின் விளிம்பைத் தோண்டி, இரும்புப் பெட்டியை உள்ளே இறக்குவது மார்ட்டிஸ் வகை. பழைய கதவுக்கு ரிம் வகைதான் சுலபம், தோண்டுகிற வேலையே இல்லை. ஆனால் அப்பாவுக்கு விரல் மூட்டு வலி. குமிழைத் திருகுவதைவிடக் கைப்பிடியை அழுத்துவது அவருக்கு எளிது. கைப்பிடியோடு வருவது பெரும்பாலும் மார்ட்டிஸ். அதனால் அதுதான் என்று முடிவானது.

மார்ட்டிஸ் என்றால் மூன்று அளவு பார்க்க வேண்டும். முதலாவது கதவின் கனம். எங்களுடையது 38 மி.மீ. பூட்டு 35-லிருந்து 55 வரை ஏற்கும் என்று போட்டிருந்தது, சரி. இரண்டாவது, ஓரச் சட்டத்தின் அகலம். கதவு விளிம்பிலிருந்து கைப்பிடியின் நடு வரை 60 மி.மீ. வருவது வழக்கமான அளவு. அதற்கு அப்பால், கைப்பிடியும் எண் பலகையும் உள்ள முகத்தகட்டின் பாதி அகலத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். தகடு 75 மி.மீ. அகலம் என்றால் 97 தாண்டிவிடும். எங்கள் சட்டம் நாலு அங்குலம், அதாவது 101. அதிலும் உள்ளோரத்தில் எட்டு மி.மீ. பீடிங் தின்றுவிடுகிறது. தகடு பீடிங் மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, ஸ்க்ரூவை இறுக்க இறுக்கக் கோணும். தம்பி பார்த்துவைத்திருந்த மாடல் இந்தக் காரணத்தால் அடிபட்டது. 65 மி.மீ. அகலத் தகடு உள்ள ஒல்லியான மாடல் மயிரிழையில் ஒத்துவந்தது.

மூன்றாவது அளவை எந்தக் காகிதமும் சொல்லாது. குறுக்குச் சட்டத்தின் நாக்கு ஓரச் சட்டத்துக்குள் எங்கே செருகியிருக்கிறது என்பது. பூட்டு வைக்க வசதியான உயரமும் அந்த நாக்கு இருக்கும் உயரமும் ஏறக்குறைய ஒன்று. அங்கே தோண்டினால் நாக்கையே வெட்டிவிடுவோம், கதவு காலப்போக்கில் இளகிவிடும். ஆகவே பூட்டை நாலு அங்குலம் மேலே ஏற்றினோம். கைப்பிடி வழக்கத்தைவிட உயரமாகத் தெரியும். வருகிறவர்கள் எல்லாரும் அதைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.

பூட்டு விற்றவர்கள் அனுப்பிய டெக்னீஷியன் கதவைப் பார்த்ததும், "நாங்க ஃப்ளஷ் டோர்னா போட்டுக் குடுத்துடுவோம் சார், இதுக்குக் கார்பென்டர வெச்சு வெட்டி வையுங்க" என்று கிளம்பிவிட்டார். ஃப்ளஷ் டோர் என்றால் சட்டமும் பூவேலையும் இல்லாத மட்டமான கதவு. அவர் போனதும் நல்லதுக்குத்தான். அப்பாவுக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர் கொட்டிவாக்கத்தில் இருக்கிறார். அறுபது வயதுக்கு மேல். வந்தவர் பூட்டுப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்து விளிம்பின் அடியில் கால் கட்டைவிரலைக் கொடுத்து மேலே ஒரு உந்து உந்தினார். கதவு லேசாக எழும்பி இறங்கியது.

"மேல் கீல் ஆடுது சார். பூட்டு மாட்டுறதுக்கு முன்னாடி கதவை மாட்டணும்."

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "முப்பது வருஷமா அப்படித்தாம்ப்பா இருக்கு. நீ வந்த வேலையைப் பாரு." ஆசாரி என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். அந்தப் பேச்சு அதோடு நின்றது. பின்னால் திரும்பி வரும்.

தோண்டிய விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பூட்டுப் பெட்டிக்கு 22 மி.மீ. அகலக் குழி தேவை. 38 மி.மீ. கதவில் அதைத் தோண்டினால் இரண்டு பக்கமும் எட்டெட்டு மி.மீ. மரம்தான் மிஞ்சும். உளி ஒரு பக்கம் சாய்ந்தால் முகத்தில் பிளவு தெரியும். ஆசாரி விளிம்பின் நடுவில் கோடு கிழித்து, டிரில்லில் வரிசையாகத் துளை போட்டார். பிட்டில் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதற்கு ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம். துளைகளுக்கு இடையே நின்ற மரத்தை உளியால் சீவி எடுத்தார். ஒவ்வொரு முறையும் பெட்டியை உள்ளே விட்டுப் பார்த்து, எங்கே பிடிக்கிறதோ அங்கே மட்டும் ஒரு சீவல். சுத்தியல் போட்டுத் தட்டி இறக்கவே இல்லை. "கையால தள்ளினா போகணும், கையால இழுத்தா வரணும்" என்றார். பெட்டியை நெருக்கித் திணித்தால் உள்ளே இருக்கும் தாழ், அதாவது பூட்டும்போது வெளியே நீளும் இரும்புத் துண்டு, தேயும்; அதைத் தள்ளும் மோட்டார்தான் பாடுபடும்.

தேக்குத் தூளின் வாசனை ரெண்டு நாள் ஹாலை விட்டுப் போகவில்லை. குழிக்குள் தெரிந்த வெற்று மரத்துக்கு வார்னிஷ் ஒரு கை அடிக்கச் சொன்னேன். கடலோரத்தில் மூடாத மரம் ஈரத்தை உறிஞ்சும்.

டெக்னீஷியன் திரும்பி வந்து மாட்டினார். பேட்டரி ஸ்க்ரூடிரைவரால் விர்ரென்று முடுக்கிவிட்டுப் போனார். கைப்பிடியை அழுத்தினால் கீழே போகிறது, மேலே திரும்பி வரச் சோம்பல்படுகிறது. இது புதுப் பூட்டுகளில் நிறைய வரும் குறை. முன் தகட்டையும் பின் தகட்டையும் கதவுக்கு ஊடாகப் பிணைக்கும் இரண்டு நீள ஸ்க்ரூவை அளவுக்கு மீறி இறுக்கினால், நடுவில் இருக்கும் சதுரக் கம்பி பிடித்துக்கொள்ளும். கையால் அரைச் சுற்று தளர்த்தியதும் சரியாகிவிட்டது. அதே நேரத்தில் உள் தகட்டைக் கழற்றி, இரண்டு தகடுக்கும் போகும் ஒயர் துளையின் ஓரத்தில் நசுங்கியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். சிலருக்கு எண் பலகை சில நாள் எரியும், சில நாள் எரியாது. பெரும்பாலும் இந்த ஒயர்தான்.

கதவு திறந்திருக்கும்போதே எல்லாவற்றையும் சோதிப்பது நல்லது. பேட்டரி போடுவதற்கு முன் மெக்கானிக்கல் சாவி, உள் கைப்பிடி இரண்டையும் பார்த்துவிட வேண்டும். உள் கைப்பிடி மின்சாரமே இல்லாமல் எந்த நேரத்திலும் திறக்க வேண்டும். தீப்பிடித்தால் ஆப்பைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அப்புறம், டெக்னீஷியன் சோதித்துக் காட்டும்போது தன் விரலையே ஒன்றாம் எண்ணில் ஏற்றிவைத்திருந்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவருக்கு அது பழக்கம். அவர் கிளம்பியதும் பேட்டரி மூடிக்கு அடியில் இருக்கும் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்து எல்லாவற்றையும் அழித்து, தொழிற்சாலையில் வைத்த ஒன்று இரண்டு மூன்று வகை அட்மின் எண்ணையும் மாற்றிவிட்டுத்தான் எங்கள் விரல்களை ஏற்றினோம்.

ஆப் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பூட்டு புளூடூத்தில் பேசும். சுவரில் செருகும் ஒரு சின்ன கேட்வே அந்தப் பேச்சை வைஃபைக்கு மாற்றிவிடும். வைஃபை நேரடியாகப் பூட்டிலேயே இருக்கும் மாடல்களும் உண்டு. அவை பேட்டரியை அதிகம் சாப்பிடும் என்பதால் இப்படி வாங்கினோம். கேட்வேக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். எங்கள் ரவுட்டர் 2.4-ஐயும் 5-ஐயும் ஒரே பெயரில் கொடுத்துக்கொண்டிருந்ததால் சேரவே இல்லை. ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, போனை 2.4-ல் நிறுத்தியதும் பிடித்துக்கொண்டது.

நேரக் குழப்பம் வேடிக்கையானது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குக் காலை ஏழு முதல் ஒன்பது வரை மட்டும் செல்லும் எண் ஒன்றை ஆப்பில் போட்டுக் கொடுத்தேன். அவர் ஏழேகாலுக்கு வந்து அழுத்தினால் சிவப்பு விளக்கு. எண்ணைத் தப்பாக அழுத்துகிறார் என்று அப்பா சொன்னார். அம்மா, "என் கண்ணாலேயே பார்த்தேன், சரியாகத்தான் அழுத்தினாள்" என்றாள். பூட்டின் வரவுப் பதிவைத் திறந்து பார்த்ததில் விடை இருந்தது. அம்மா மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு மாலை ஆறரைக்குத் திரும்பியது இரவு ஒன்பது மணி என்று பதிவாகியிருந்தது. சரியாக இரண்டரை மணி நேரம் முன்னால். நம் நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால், சீன நேரம் எட்டு மணி முன்னால். பூட்டு இன்னும் அதன் பிறந்த ஊர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வரும்போது பூட்டின் கணக்கில் ஒன்பதே முக்கால், எண் காலாவதி. கைரேகைக்கும் நிரந்தர எண்ணுக்கும் நேரம் தேவையில்லாததால் மற்ற யாருக்கும் இது தெரியவில்லை. ஆப்பில் நேர மண்டலத்தை மாற்றி, பூட்டின் அருகில் போனை வைத்து நேரத்தைப் புதுப்பித்ததும் தீர்ந்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில பூட்டுகளில் கடிகாரம் விட்டுப்போகும். அதனால் பேட்டரி மாற்றும்போதெல்லாம் இதை ஒரு முறை பார்த்துவிடுகிறேன்.

கைரேகை அம்மாவுக்கு ஒத்துவரவில்லை. ரேஷன் கடை மெஷினிலும் அவள் விரல் பல நேரம் விழாது. பாத்திரம் தேய்த்து, மாவு பிசைந்து தேய்ந்த விரல்கள். வலது கட்டைவிரலும் ஆள்காட்டியும் வேலைக்கு ஆகாது என்று ஆனதும் இடது மோதிர விரலை ஏற்றினோம். வேலை குறைவான விரல், ரேகை நன்றாகவே இருந்தது. அதையே இரண்டு தனி விரல்கள்போல, ஒரு முறை நேராகவும் ஒரு முறை சாய்த்தும் பதிந்ததில் இன்னும் தேறியது. ஆனாலும் கையில் கூடையோடு நிற்கும்போது இடது மோதிர விரலை நீட்டுவது அவளுக்கு எரிச்சல். கடைசியில் எண்ணுக்கே போய்விட்டாள்.

எண்ணிலும் ஒரு சங்கதி இருந்தது. மார்கழியில் விடிகாலை கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தவள் அழுத்திய எண்கள், கறுப்புக் கண்ணாடிப் பலகையில் வெள்ளையாக நாலு புள்ளிகளாக நின்றன. கோலமாவு. எந்த நாலு எண் என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம், வரிசையைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பூட்டில் உண்மையான எண்ணுக்கு முன்னும் பின்னும் சில போலி எண்களை அழுத்தினாலும் நடுவில் சரியானது இருந்தால் திறக்கும். அம்மாவுக்கு அதைக் கற்றுக்கொடுத்தோம். இப்போது பலகை முழுக்கக் கோலமாவு.

சரி, முக்கியமான தொல்லைக்கு வருகிறேன்.

பெட்டியில் பேட்டரி பத்து மாதம் வரும் என்று போட்டிருந்தது. கோடையில் மாட்டியது, ஆடி ஆவணி வரை ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழை பிடித்ததும் பேட்டரி சரசரவென்று இறங்கியது. புதிதாகப் போட்டாலும் சில வாரத்தில் சிவப்பு விளக்கு. கூடவே சில நேரம் பூட்டும்போது மூன்று பீப் அடித்து, ஆப்பில் 'தாழ் முழுதாகப் போகவில்லை' என்ற செய்தி. வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டால் பேட்டரியை மாற்றுங்கள், அப்புறம் கேட்வேயை அருகில் வையுங்கள் என்றார்கள். தம்பி ரீசார்ஜ் செய்யும் பேட்டரி போடச் சொன்னான். அது கூடாது. சாதாரண ஆல்கலைன் செல் ஒன்று ஒன்றரை வோல்ட், நாலு சேர்ந்து ஆறு. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் சராசரியாக 1.2 வோல்ட்தான், நாலு சேர்ந்தாலும் 4.8. பூட்டு அதைப் பாதி தீர்ந்த பேட்டரி என்று நினைத்துச் சீக்கிரமே எச்சரிக்கை அடிக்கும்.

எனக்குச் சந்தேகம் வந்தது சத்தத்தில். கதவைத் திறந்து வைத்து, பூட்டும் பொத்தானை அழுத்தினால் மோட்டார் 'விர்' என்று ஒரு நொடியில் தாழை வெளியே தள்ளி நிற்கிறது. அதே கதவைச் சாத்தி அழுத்தினால் சத்தம் நீண்டு, முடிவில் ஜலதோஷம் பிடித்தவர் மூச்சு இழுப்பதுபோல முக்கி முனகி நிற்கிறது. மல்டிமீட்டரைப் பேட்டரிப் பெட்டியின் இரு முனையிலும் வைத்துப் பார்த்தேன். கதவு திறந்திருக்கையில் மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் லேசாகத்தான் அசைகிறது. சாத்தியிருக்கையில் ஒரு வோல்ட்டுக்கு மேல் சரிந்து, நின்றதும் மேலே வருகிறது. பேட்டரியும் வைஃபையும் மென்பொருளும் இரண்டு நேரத்திலும் ஒன்றுதான். சாத்தும்போது புதிதாகச் சேர்வது கதவு நிலை மட்டும். ஆக, தாழ் நிலைச்சட்டத்தில் எங்கோ உரசுகிறது.

எங்கே என்று பார்க்க அம்மாவின் கண் மை டப்பாவை வாங்கினேன். தாழின் முனையிலும் நாலு பக்கத்திலும் மையை மெல்லிசாகத் தடவி, கதவைச் சாத்தி, பூட்டித் திறந்தேன். நிலையில் பதித்த தகட்டின் கீழ் உதட்டில் தடித்த கறுப்புக் கோடு. மேல் உதடு பளிச்சென்று சுத்தம். தாழ் ஓட்டைக்கு நேராகப் போகாமல் கீழே இறங்கி, உதட்டின் மேல் ஏறித்தான் உள்ளே போகிறது. ஏ.டி.எம். கார்டு ஒன்றைக் கதவுக்கும் நிலைக்கும் உள்ள சந்தில் மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தால், பூட்டுப் பக்கம் மேல் மூலையில் கார்டு நுழையவே இல்லை, கீழே தாராளமாக ஓடுகிறது. கீல் பக்கம் மேலே சந்து அகலம். மேல் கீல் இளகி, கதவு பூட்டுப் பக்கம் சாய்ந்து தொங்குகிறது. போதாததற்கு மழை ஈரத்தில் மரம் ஊதியிருக்கிறது. கோடையில் இருந்த கொஞ்சநஞ்ச இடைவெளியும் போயிற்று.

ஆசாரியைக் கூப்பிட்டேன். வந்தவர் எதுவும் சொல்லவில்லை, பழைய மாதிரியே கால் கட்டைவிரலால் கதவை உந்திக் காட்டிவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பா, "சரிப்பா, அந்தக் கீலையும் பாத்துடு" என்று பேப்பருக்குள் போய்விட்டார்.

மேல் கீலின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒரு அங்குல இரும்பு ஸ்க்ரூ, உப்புக்காற்றில் துருவேறி, பாதிக்கு மேல் மரையே இல்லை. இரண்டு ஸ்க்ரூ திருப்புளி படாமலேயே விரலோடு வந்தன. மரத்துளைகள் பெருத்துப்போயிருந்தன. தேக்குச் சீவல்களைப் பசையில் தோய்த்துத் துளைகளில் அடித்து, விளிம்பில் வெட்டி, காயவிட்டு, அதில் இரண்டரை அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ இறக்கினார். கதவு நிமிர்ந்தது. மறுபடி மை. இப்போது கோடு மெலிந்து உதட்டின் ஓரத்தில் மட்டும். அந்த இடத்தை அரத்தால் ஒரு மி.மீ. தேய்த்தார்.

அதோடு முடியவில்லை. தகட்டைக் கழற்றி, நிலைக்குள் இருக்கும் குழியில் ஒரு ஆணியை விட்டு ஆழம் பார்த்தார். தாழ் வெளியே வரும் நீளம் 25 மி.மீ. குழி அதைவிட ஆழமாகத்தான் முதலில் தோண்டியது; ஆனால் மரத்தூளும் எங்கிருந்தோ விழுந்த ஒரு சிமென்ட் கட்டியும் சேர்ந்து அடியில் மெத்தை போட்டிருந்தன. தாழின் முனை அதில் முட்டி நின்றுவிடுகிறது. முழுதாகப் போகவில்லை என்று பூட்டு சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. கட்டியைக் கெல்லி எடுத்து, குழியை இன்னும் கொஞ்சம் தோண்டி, ஒரு சின்ன பிளாஸ்டிக் கூட்டை உள்ளே வைத்துத் தகட்டை மூடினோம்.

கதவு விளிம்பையும் இழைத்துவிடலாமே என்று கேட்டேன். "இப்ப இழைச்சா சித்திரையில சந்து தெரியும் சார். மழையில ஊதினதை மழையிலயே வெட்டக் கூடாது." அப்புறம் ஸ்டூலில் ஏறிக் கதவின் மேல் விளிம்பைத் தடவி விரலைக் காட்டினார். கறுப்பாகப் பூஞ்சை. முகத்துக்கெல்லாம் எத்தனையோ கை பாலிஷ் ஏறியிருக்கிறது. யார் கண்ணிலும் படாத மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் ஒரு சொட்டு வார்னிஷ் இல்லை. மரத்தின் குறுக்கு வெட்டு அங்கேதான் வெளியே தெரிகிறது, ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. தை, மாசியில் மரம் காய்ந்ததும் கதவைக் கழற்றி இரண்டு விளிம்பையும் மூட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

அன்றைக்குப் பிறகு சாத்திய கதவிலும் மோட்டார் 'விர்' என்று ஒரு நொடியில் நிற்கிறது. பேட்டரி அளவு நகராமல் நிற்கிறது. தாழ் சுலபமாகப் போகட்டும் என்று அப்பா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார், தடுத்துவிட்டேன். எண்ணெயில் தூசி ஒட்டிக் களிம்பாகும். 2பி பென்சிலின் முனையைத் தாழின் மேல் தேய்த்தாலே போதும், கிராஃபைட் காய்ந்த மசகு.

இந்த அமளியில் ஒரு நாள் பேட்டரி முழுக்கத் தீர்ந்துபோய், அம்மா வெளியே நின்றாள். வெளித் தகட்டின் அடியில் யூ.எஸ்.பி. துளை இருக்கிறது, பவர் பேங்கை அதில் செருகினால் பூட்டு உயிர்பெறும், எண்ணை அழுத்தலாம். உள்ளே இருக்கும் பேட்டரி அதனால் ஏறாது. பக்கத்து வீட்டு மாமியின் பவர் பேங்கைச் செருகியதும் பலகை எரிந்து அணைந்தது, எரிந்து அணைந்தது. பூட்டு இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால் சில பவர் பேங்குகள் ஒன்றும் மாட்டவில்லை என்று நினைத்துத் தாமே அணைந்துவிடும். அவர்கள் வீட்டுப் பிள்ளையின் பழைய பவர் பேங்க் வேலை செய்தது. மெக்கானிக்கல் சாவியில் ஒன்று அடையாறில் சித்தி வீட்டிலும் ஒன்று என் வண்டிச் சாவியோடும் இருக்கிறது. வீட்டு அலமாரியில் இருப்பதால் என்ன பிரயோஜனம்?

பூட்டு சரியாகிவிட்டது, வீடு இன்னும் முழுதாக ஆகவில்லை. அவசரத்துக்கு நான் வேளச்சேரியிலிருந்து ஆப்பில் திறந்துவிடலாம் என்பதுதான் திட்டத்தில் பாதி. ராத்திரி அம்மா மேல் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டுப் படுத்தால் எந்த ஆப்பும் ஒன்றும் செய்ய முடியாது. உள்பக்கம் ஒரு குமிழ் இருக்கிறது. அதைத் திருப்பினால் அட்மின் எண்ணும் சாவியும் தவிர வேறு எதுவும் வெளியிலிருந்து செல்லாது, அது போதுமே என்றேன். "கையில ஒண்ணும் தெரியலையேடா" என்கிறாள். தாழ்ப்பாளை இழுத்துப் போட்ட பாரம் கையில் தெரிந்தால்தான் அவளுக்குத் தூக்கம். கிரில் கேட் விஷயத்தில் மட்டும் இறங்கிவந்தாள்: ஊருக்குப் போனால்தான் திண்டுக்கல் பூட்டு, மற்ற நாளில் வெறும் கொண்டி. உள்கதவு எண்ணில் திறக்க, வெளிக் கேட்டின் சாவி மட்டும் கைப்பையில் கிடந்தால் பூட்டு மாற்றியதற்கு அர்த்தமே இல்லை. தாழ்ப்பாள் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. கீழ்த் தாழ்ப்பாளை விட்டுக்கொடுத்துவிட்டாள், அதுவும் குனிய முடியாததால்.

இன்னொரு வேலை பாக்கி. கேட்வே செருகியிருக்கும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. மின்சாரம் போனால் பூட்டு தன் பாட்டுக்கு வேலை செய்யும், கைரேகையும் எண்ணும் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. வெளியூரிலிருந்து திறப்பது மட்டும் நடக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் எங்களுக்கு மின்சாரமும் போன் சிக்னலும் சேர்ந்தே போயின. அந்த மாதிரி நாளில் கேட்வே இன்வெர்ட்டரில் இருந்தும் பயன் இருக்காது. ஆனால் மாதத்துக்கு ஒரு பராமரிப்பு மின்தடை எப்படியும் வருகிறது, அதற்காவது உதவும். ரவுட்டர் ஏற்கெனவே இன்வெர்ட்டரில்தான் இருக்கிறது. ஒரு பிளக்கை மாற்றிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எலக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை.